கட்டிலுக்கடியில் ஒரு கயிறு

திரேஸ்புரம்,
12.2.1974

அன்புள்ள வடிவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தையும் சுகந்தானே? சின்னவனுக்கு இருமல் விட்டதா?

பள்ளிக்கூட விளையாட்டு விழா நேற்று நல்லபடியாக முடிந்தது. இத்தனை பிள்ளைகளுக்கு டிரில் மாஸ்டர் நான் ஒருவன்தான் என்பதால் தொம்மை அண்ணாச்சியைத் துணைக்கு அழைத்திருந்தேன். சங்கு குளிக்கும் தோணியில் கயிறு பிடிப்பவர். அடியில் முங்கியவர் கயிற்றை அசைத்ததும் இவர் மேலே இழுக்க வேண்டும். கயிறிழுக்கும் போட்டிக்குக் கயிறும் அவரே கொண்டுவந்தார்.

போட்டி முடிந்து விசில் ஊதியதும் பிள்ளைகள் கயிற்றை விட்டுவிட்டார்கள். மூன்றாம் வகுப்பு பிலோமி மட்டும் விடவில்லை.

"அப்பா கயித்த அசைக்காவ சார். விட்டா எப்படி மேல வருவாவ?" என்றாள்.

அவள் அப்பா தொம்மையின் மச்சான். போன வருஷம் முங்கியவர் மேலே வரவில்லை. தொம்மை அழுதுவிட்டார்.

"மச்சான் முங்குன கயிறு. இத இனிமே கடலுக்குக் கொண்டுபோவ மாட்டோம் சார். சும்மாதான கெடக்கு, பிள்ளைக வெளையாடட்டும்னு கொண்டாந்தேன்."

நான்தான் அவள் விரல்களைப் பிரித்துக் கயிற்றை வாங்கினேன். மறுமுனை மணலில் கிடந்தது. இருந்தும் என் கையில் அது ஒரு தரம் சுண்டியது. காற்றுதான், பயப்படாதே.

அடுத்த போட்டிக்கு நம் பழைய கிணற்றுக் கயிற்றைக் கொடுத்தனுப்பு. நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

தொம்மை கயிற்றைத் திரும்ப வாங்கவில்லை. என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. நேற்று ராத்திரி அதன் முனையைக் கையில் பிடித்தபடியே படுத்திருந்தேன். அசைத்தால் தெரிய வேண்டுமே.

உன்,
செந்தூர்பாண்டி