உட்கார்ந்தபடி ஓர் ஆமென்

மார்ச் 4

அன்புள்ள அம்மா,

தினமும் போனில் பேசுகிறவள் கடிதம் எழுதினால் பயந்துவிடுவாய். மன்னித்துக்கொள், நலமாகத்தான் இருக்கிறேன். போன் அடித்தால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அதனால்தான் இது.

ஆய்வகத்தில் ஞாயிறு வேலை முடிந்து மாதா கோவிலில் மாலைப் பூசைக்குப் போனேன். நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்தபோது என் பெஞ்சில் ஒருவர் மட்டும் எழவில்லை. எங்களுக்கு வழிவிட முழங்காலை ஒருபக்கமாக ஒடுக்கிக்கொண்டார். அப்படியே அப்பா.

நான் முதல் நற்கருணை வாங்கிய அன்று, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று காதோரம் கேட்டார். "ருசியே இல்லப்பா" என்றேன். சிரித்தார். "எனக்கு மறந்தே போச்சு" என்றார்.

அவர் ஏன் வாங்கப் போவதில்லை என்று உனக்குத் தெரியுமா?

உன் பாப்பா

மார்ச் 11

பாப்பாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடு. போனில் குரல் கம்மியிருக்கிறது.

கல்யாணமான புதிதிலேயே கேட்டேன். "நீ தனியா உக்காந்திருப்பியே, அதான்" என்றார். பக்கத்து வீட்டு அக்காவிடம் அதைச் சொல்லி எத்தனை முறை பீற்றியிருக்கிறேன்! நான் அந்தச் சாமியைக் கும்பிடாதவள். அவருக்காகத்தான் கூடவே போய் உட்கார்கிறேன். மற்றவர்கள் வாங்கும்போது அவர் உதடு மட்டும் அசையும்.

உன் கடிதம் வந்ததும் மறுபடி கேட்டேன். டிப்போவில் பஸ் எடுக்க நேரமாச்சு என்று நழுவப் பார்த்தார். விடவில்லை. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணின கல்யாணம் கோவில் கணக்குல வராது. அதனால வாங்கக் கூடாது" என்றார். "இத்தன வருஷம் ஏன் வாயத் தொறக்கல?" என்றேன். "சொன்னா, உன்ன மாறச் சொல்ற மாதிரி ஆயிடும்."

மாற மாட்டேன், பாப்பா. ஆனால் அப்போது நான் யார்? அவர் முன்னாலிருந்த தட்டைப் பறித்தவளா? இரண்டு நாளாய்ப் பேச்சில்லை. சாப்பாடு மட்டும் போடுகிறேன். நீதான் டிகிரி படித்தவளாயிற்றே, சொல்.

அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மா,

யாரிடமும் வாயெடுத்துப் பேசாத நான், கூட்டம் கலையும்வரை தூணோரம் நின்று இங்கு பூசை வைக்கும் சாமியாரிடம், வேறு சாமி கும்பிடுகிறவரைக் கோவிலில் கல்யாணம் செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டேன். "யாருக்குக் கல்யாணம், உனக்கா?" என்றார். "அப்பாவுக்கு" என்றேன். திடுக்கிட்டு, "பொண்ணு யாரு?" என்றார். "அம்மா." சிரித்துவிட்டார்.

நீ மாற வேண்டியதில்லையாம். உன் சாமி உன்னோடு இருக்கட்டும். ஆயரிடம், அதாவது பிஷப்பிடம், அனுமதி வாங்கி, கோவிலில் இரண்டு சாட்சிகள் முன்னால் இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அப்பத்தில் ஆண்டவர் தன்னையே கொடுக்கிறார் என்று அப்பா நம்புகிறார். "கிறிஸ்துவின் உடல்" என்று சாமியார் நீட்டும்போது வாங்குகிறவர் "ஆமென்" சொல்வார். அப்பாவின் உதட்டில் அசைவது அந்தச் சொல்தான். பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். ஊரார் வாங்குவதற்கெல்லாம் இவர் ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன்னை விட்டுவிட்டுப் போகலாம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, அம்மா. அந்தப் பசியும் ஒருநாளும் விட்டதில்லை.

காரணத்தை நான் முன்பே ஊகித்திருந்தேன்; முதல் கடிதத்திலேயே இதைக் கேட்க நினைத்தேன், தைரியம் வரவில்லை. அப்பா வாய் திறக்க மாட்டார். உன்னை இன்னொரு முறை கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி, நீயே அவரைக் கேளேன்.

உன் பாப்பா