ஒற்றைக் கையால்

என் அண்ணா,

கீழ் வீட்டுக்குக் கலர் டிவி வந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் நாளில் அங்கே நிற்கக்கூட இடம் இருப்பதில்லை. நீ இருந்தால் உட்கார்ந்தே பார்த்திருப்பாய். நான் எம்.ஏ. முடித்துவிட்டேன். செம்பூர் ஸ்டேஷன் இன்னும் ஒழுகுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா நீ முகாம் போட்ட அந்தக் காட்டுக்கு வந்தாள்.

நம்புகிறாயா?

ஒரு வருடமாக அம்மா விளக்கேற்றவில்லை. உன் சாரணர் கம்பு கதவுக்குப் பின்னால் நின்றது. ஆழம் பார்க்க அடிக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தாயே, அதே கம்பு. அம்மா கதவைத் துடைப்பாள். கம்பின் பக்கம் திரும்பமாட்டாள்.

போன ஆடியில் உன் சாரணர் படையின் தாராவிப் பையன்களோடு நீ அந்தக் காட்டு ஏரிக்கரை முகாமுக்குக் கிளம்பியபோது, பதினெட்டாம் பெருக்குக்காக இலைத் தட்டு ஒன்றைக் கட்டிக் கொடுத்தாள். மஞ்சள், காதோலை, கருகமணி, ஒரு பிடி எலுமிச்சைச் சோறு.

"ஏரியில விட்டுடு. ரெண்டு கையாலயும் குடுக்கணும். ஒத்தக் கையால குடுத்தா தண்ணிக்கு மரியாதை இல்லடா."

"பம்பாய்த் தண்ணிக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

நம் ஊர் திருவையாற்றில் ஆடிக்கு ஆறு வரும், மழை வராது. இறங்கப் படித்துறை இருக்கும். இங்கே ஆடி என்றால் கரையே ஊறிக் கிடக்கும். அம்மா அதை யோசிக்கவில்லை. நீ? மழைக்காலத்துக் கரையை நம்பாதே, கம்பால் தட்டிப் பார்த்துவிட்டுக் காலை வை என்று பையன்களுக்குச் சொன்னவன் நீதானே?

விடியற்காலை. பையன்கள் எழுந்தால் பின்னாலேயே வருவார்கள் என்று தனியாகப் போனாய். முகாமுக்குத் துணையாக வந்திருந்த உன் கூட்டாளி, தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் மைதீன் மட்டும் பார்த்துவிட்டார்.

"கம்ப எடுத்துட்டுப் போம்வே!"

"தட்ட யாரு புடிப்பா, நீயா? ரெண்டு கையும் வேணும்டா. அம்மா ஆர்டர்."

அதுதான் கடைசி.

கரை சரிந்தது. மைதீன் ஓடிவந்து கயிறு எறிந்தார். கயிறு வெறுமனே திரும்பி வந்தது. அவருக்கு நீச்சல் தெரியும். ஆனால் சத்தம் கேட்டுப் பையன்கள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். அவர் குதித்திருந்தால் அவர்களும் குதித்திருப்பார்கள். கம்பை நீட்டு, கயிற்றை எறி, ஆளைக் கூப்பிடு, நீ இறங்காதே. நீ சொல்லித் தந்ததுதான். மதியம் பக்கத்துக் கிராமத்து ஆட்கள் உன்னை எடுத்தார்கள்.

வீட்டில் வந்து மைதீன் இதையெல்லாம் சொன்னபோது அம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் அவன் கையக் கட்டிப்போட்டேன்." ஒரு வருடமாக இதே வாக்கியம். அடுப்படியில். ரேஷன் வரிசையில். தூக்கத்தில்.

போன வாரம் திடீரென்று, "நான் அங்க போகணும்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"கேக்கணும்."

யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

ரயிலில் உன் பையன்கள் ஜன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள். "ஏல, அம்மாவுக்கு எடம் வுடு. ஜன்னல் என்ன ஒங்க வாப்பா வீட்டுச் சொத்தா?" என்று அதட்டினார் மைதீன். "பாய், பஹ்லே மை ஆயா!" நான்தான் முதலில் வந்தேன் என்று ஒருவன். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அவனுக்கே ஜன்னலை விட்டுக்கொடுத்தாள்.

தேக்கிலைகளில் மழை அப்படியேதான் விழுகிறது. கரைக்கு வெகுதூரம் முன்பே இப்போது கயிறு கட்டியிருக்கிறது. மைதீன் கட்டியது. பையன்களை அதற்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, மரத்தில் ஒரு முனையைக் கட்டிய இன்னொரு கயிற்றை எடுத்து வந்தார். அம்மா இலைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள்.

"யம்மா, இதப் புடிக்காம ஒரு எட்டு வைக்கப்படாது."

"கையில தட்டு இருக்கேப்பா."

"ஒரு கையில தட்டு. ஒரு கையில கயிறு."

"ஒத்தக் கையால குடுக்கக்கூடாதுப்பா."

அவர் கயிற்றை நீட்டியபடியே நின்றார். நான் உன் கம்பால் முன்னால் தட்டினேன். ஓரிடத்தில் கோடுகள் மறையும்வரை மண்ணில் இறங்கியது. அம்மா அந்தக் கம்பைப் பார்த்தாள். ஒரு வருடத்தில் முதல் முறை.

பிறகு கயிற்றைப் பிடித்தாள்.

பாறை தட்டுப்பட்ட இடமாகப் பார்த்து நிறுத்தினோம். இடது கையில் கயிறு. வலது கையால், குனிந்து, தட்டை விட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றியது. கொஞ்சம் சாய்ந்தது. பிறகு சாதுவாகப் போனது.

"வாங்கிக்கிச்சே," என்றாள் அம்மா. "ஒத்தக் கையால குடுத்தாலும் வாங்கிக்கிச்சேடி."

கயிற்றை விடாமலேயே அழுதாள். மைதீனும் நானும் பிடித்துக்கொண்டோம். எதற்காக அழுகிறாள் என்று பையன்களுக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிகிறதா, அண்ணா?

அடுத்த ஆடிக்கும் போவேன். பையன்களுக்கு முன்னால் உன் கம்போடு நான் நடப்பேன். கரைக்கு வரும் எவருடைய இரண்டு கையும் நிறைந்திருக்க விடமாட்டேன். தெய்வத்துக்கானாலும்.

அடுத்த வருடம் உன் வயதைத் தொடப்போகும்
உன் தங்கை