நாலு தட்டி அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன்னோடு தங்கியிருக்கும் மற்ற மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்பா போன் செய்தால் எடுக்கிறாய், நான் செய்தால் எடுப்பதில்லை. அதனால்தான் காகிதம். கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பாய் என்று நம்புகிறேன்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் என்னைப் பார்த்து, "கண்ணுக்குக் கீழ இவ்வளவு கறுப்பா? ஆபரேஷன் பண்ணாமலே இருந்திருக்கலாம் போல" என்றார். உன் டிரம்ஸ் முன்னறையில் அப்படியே இருக்கிறது. பழைய போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன். தரையில் நிற்கும் அந்தப் பெரிய டிரம்மின் மேல் அப்பா தன் சொட்டு மருந்தை வைத்துக்கொள்கிறார். எடுக்கச் சொன்னால், அவன் வந்து எடுக்கச் சொல்லட்டும் என்கிறார்.

நான் தனியாகப் பாட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் தடவை ஒரு புத்தகக் கடை மாடியில், பதினொரு பேர் முன்னால். நாம் இரண்டு பேரும் அந்தப் பாரில், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி நின்றுகொண்டு, ஏழு வருடம் அடுத்தவர் பாட்டையே வாசித்துப் பாடினோம். டிவியில் மேட்ச் நடக்கும்போது கோல் விழுந்து எல்லோரும் கைதட்டினால், நமக்குத்தான் என்று நீ எழுந்து நின்று கும்பிடுவாய். இங்கே அப்படி இல்லை. நான் எழுதிய பாட்டைக் கேட்க வருகிறார்கள். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு அம்மா அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சூடாக இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் இருக்குமே, மனசு அப்படி இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பாடுகிறேன். சுருதி தப்புவதில்லை.

இப்போது பத்துப் பாட்டுகள் பதிவு செய்கிறோம். என் குரலும் கிதாரும் மட்டும். ஒன்பது முடிந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை ஒலிப்பதிவுக்காரர், "ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி வலது பக்கம் திரும்பிப் பாக்குறீங்களே, அங்க என்ன இருக்கு?" என்று கேட்டார். அங்கே ஒரு மின்விசிறியும் மடக்கு நாற்காலியும்தான் இருந்தன. ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று புளுகினேன். நல்ல மனுஷன், எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்தார். அடுத்த பாட்டுக்கும் திரும்பினேன்.

நீ எப்போதும் எனக்கு வலது பக்கம், ஒரு அடி பின்னால். அந்த ஏழு வருடமும் நீ குச்சியை நாலு தரம் தட்டாமல் நான் ஒரு பாட்டும் ஆரம்பித்ததில்லை. உனக்குக் கடிகாரம் என்று பேர் வைத்ததே நான்தானே.

அந்தப் பத்தாவது பாட்டுதான் வரமாட்டேன் என்கிறது. டிரம்ஸைக் கழற்றி வைக்கும்போதெல்லாம் பெட்டி மூடியில் தாளம் போட்டுக்கொண்டே நீ முனகுவாயே ஒரு மெட்டு, அதற்கு வார்த்தை எழுதியிருக்கிறேன். மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். ஒன்று ஓடுகிறது, இல்லையென்றால் இழுக்கிறது. வேகம் பிசகாமல் இருக்க ஒலிப்பதிவுக்காரர் டிக் டிக் என்று ஒரு சத்தத்தைக் காதில் போட்டுவிட்டார். அது தப்பே செய்யாது. அதோடு பாட என்னால் முடியவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. இதே ஒலிப்பதிவுக்காரர் பாருக்கு வந்து, "உங்க குரலும் கிதாரும் மட்டும் போதும், பின்னால எதுவும் வேண்டாம்" என்றார். நான் சரி என்றேன். திரும்பினால், நீ தரையில் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், வண்டி டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாய். இரண்டே மாதத்தில் அந்தக் குளிர்பதனக் கிடங்கு வேலைக்கு விமானம் ஏறிவிட்டாய்.

அந்தச் சரி வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன், அப்பாவிடமும். பொய். தனியாகப் பாட வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் உன்னோடுதான் வண்டியில் போய் வந்தேன். ஒரு நாள்கூட உன்னிடம் சொல்லவில்லை. தனியாகப் போனதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இன்றைக்குக் கேட்டாலும் போகத்தான் செய்வேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை மூன்றாம் மனிதரிடம் சொல்லி, அதை நீ தரையில் உட்கார்ந்து கேட்கும்படி வைத்தேனே, அதற்கு என்னை மன்னித்துவிடு.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும். கடைசிப் பதிவை அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். நீ நேரில் வர வேண்டாம். உனக்கு லீவு கிடைக்காது என்று அப்பா சொன்னார். போனில் என்னோடு பேசவும் வேண்டாம். கோபத்தை விட வேண்டும் என்றும் இல்லை. அந்தப் பாட்டின் வேகம் உனக்குத்தான் தெரியும். நாலு தட்டி, பதிவு செய்து அனுப்பு. குச்சி இல்லாவிட்டால் இரண்டு கரண்டி போதும். பாட்டுக்கு முன்னால் அந்தச் சத்தம் அப்படியே இருக்கும், நான் வெட்டவிடமாட்டேன். வராவிட்டால் ஒன்பது பாட்டோடு வெளியிட்டுவிடுவோம். கேட்கிறவர்களுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது.

கிடங்குக்குள் விரல் மரத்துப் போகிறது என்று அப்பாவிடம் சொன்னாயாமே. இரண்டு கையுறை போட்டுக்கொள். வெளியே வந்ததும் கொதிக்கிற வெந்நீரில் கையை விடாதே. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன். மெதுவாகத்தான் சூடு ஏற்ற வேண்டுமாம். உணர்வு திரும்பும்போது நன்றாக வலிக்கும், பயப்பட வேண்டாம் என்றார்.

உன் கை நன்றாக இருக்கட்டும்டா.

உன் அக்கா