ராணி பால் விட்ட காலை

என் ஆசை மச்சான் ஏழுமலைக்கு,

செய்யூர்ச் சவுக்குத் தோப்பின் மேல் சத்தியமாக, யாரும் நம்பாத ஒரு கதை சொல்லப் போகிறேன். நீயாவது நம்பு. அங்கே உனக்கு வேறு என்ன வேலை?

நீ கடைசியாக வாங்கிய சினைக் கிடேரி, நம் ராணி, போன வாரம் கன்று போட்டாள். பெண் கன்று. விடியலில் கடலிலிருந்து பனி தாழ்ந்து கொட்டகைக்குள் வந்தது. கன்று எழுந்து நின்று நாக்கை நீட்டியது. பனியில் ஒரு வாய் குறைந்துபோனது.

தாய்தான் தொல்லை. மடியில் கை வைத்தால் உதை. அவள் உதைத்த சொம்பு பறந்துபோய் மாமல்லபுரத்தில் ஒரு கல் யானைக்குத் தொப்பியானது. அந்த உதையிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா என்று கல்பாக்கத்தில் யோசிக்கிறார்களாம்.

தப்பு எங்களுடையதுதான் மச்சான். தலைச்சன் சினை என்றால் ஏழாம் மாதத்திலிருந்து தினமும் மடியைத் தடவிப் பழக்க வேண்டும். நீ தொடங்கினாய், பாதியில் போய்விட்டாய். நாங்கள் தீவனம் போட்டோம், தண்ணீர் காட்டினோம், கழுத்தில் மணிகூடக் கட்டினோம். மடியை யாரும் தொடவில்லை. துக்க வீட்டில் யாருக்கு அது ஞாபகம் வரும்?

நேற்றுக் காலை உன் மகள் செல்வி சொம்போடு வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"மாமா, கன்னு குட்ச்சது போக மடி கல்லாட்டம் கீது. இன்னிக்கும் வுடலன்னா நாளிக்கு யாவாரிகிட்ட குட்த்துடுவேன். மீதி மாட்டையும் சேத்துதான். என்னால ஆவல."

"உங்கப்பன் தொட்டா மட்டும் கம்னு நின்னாளே. இன்னா மந்திரம் போட்டான்?"

"மந்திரமா? மடிய தடவிகினே உன்ன பத்திப் பேசினு இருப்பாரு. அத்தினியும் பொய்யி. உனுக்குத் தப்பாத மருமவ நானு, கேட்டுச் சிரிச்சிகினு இருப்பேன்."

அப்படியா சங்கதி? உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு உன்னைப் பற்றி அளக்கத் தொடங்கினேன். நீ மதுராந்தகம் ஏரியை ஒரே மூச்சில் குடித்தது. கடலுக்கு மூக்கணாங்கயிறு போட்டு இழுத்து வந்து தொட்டியில் ஊற்றியது. உப்பு என்று மாடு முகம் திருப்பியதும் கடலைக் கண்டித்து அனுப்பியது. அலைச் சத்தம் அருகில் வந்து நின்று கேட்டது போல இருந்தது.

பால் இறங்கியது மச்சான். சொம்பு நிறைந்து, கொட்டகை நிறைந்து, சவுக்கு மரங்கள் முழங்கால் ஆழப் பாலில் நின்றன. செல்வி வியாபாரிக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றாள்.

அடுத்து இன்னொரு சினைக் கிடேரி பார்க்கிறாள். வாக்குக் கொடுக்கிறேன்: ஏழாம் மாதத்திலிருந்து என் கை அதன் மடியில் இருக்கும், வாயில் நீ இருப்பாய்.

பனி பொய். யானை பொய். சொம்பு பக்கத்துச் சாணிக்குழியைத் தாண்டவில்லை. ஆனால் எல்லாப் பொய்யும் தீர்ந்த பிறகு ராணியின் காதில், "ஏழுமல செத்துட்டான்டி" என்றேன். அப்போதுதான் காலைத் தளர்த்திப் பால் விட்டாள். அது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் செல்வியின் தாய்மாமன்