'காலி' என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள்

ஜூன் 3

அன்புள்ள பொடிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் 'ம்', 'ஆமா', 'வெச்சிடட்டுமா' என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் தபால். வெறும் 'ம்' எழுதி உறை ஒட்ட உனக்கே கூச்சமாக இருக்கும்.

நாங்கள் தொகுக்கும் ஆங்கில-தமிழ் அகராதி ஐந்தாவது எழுத்தில் நிற்கிறது. இப்போது என் மேஜையில் இருப்பது 'எம்ப்டி'யும் அதே பக்கத்தில் சேர்த்து விளக்க வேண்டிய அதன் உறவுச் சொற்களும். நாம் 'காலி' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதை அவர்கள் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள். டப்பாவில் ஒன்றும் இல்லையென்றால் எம்ப்டி. அறையோ வேலையோ அடுத்த ஆளுக்காகத் திறந்திருந்தால் வேகன்ட். எழுதாத தாள் பிளாங்க். வெளியே முழுசாக நின்று உள்ளே ஒன்றுமில்லாத மரம் ஹாலோ.

எங்கள் பதிப்பாசிரியரை நாங்கள் முற்றுப்புள்ளி என்போம். அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். என் எடுத்துக்காட்டுகளைப் படித்துவிட்டு, "ஏம்மா, இதெல்லாம் ஆபீஸ்ல உக்காந்து யோசிச்சது மாதிரியே இருக்கு. வீட்டுல நாலு பேர் பேசிக்கிற மாதிரி வேணும்" என்றார். எனக்குத் தெரிந்த வீடு உன்னுடையதுதான். 'காலி' வருகிற மாதிரி நாலைந்து வாக்கியம் தமிழிலேயே எழுதி அனுப்பு. எது எதன் கீழே போகும் என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். அவர் கடையில் போட்ட கண்ணாடியில் வரிகள் இன்னமும் கொஞ்சம் சாய்ந்துதான் தெரிகின்றன. குறையாகச் சொல்லவில்லை.

அன்புடன்,
அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். வாக்கியங்கள் கீழே.

துணி அலமாரியில் வலது பக்கம் காலி. குளியலறையில் ஷேவிங் சாமான் வைக்கிற தட்டு காலி. சாப்பாட்டு மேஜையில் எதிர் நாற்காலி காலி. வாசலில் செருப்பு விடுகிற இடம் பாதிக்கு மேல் காலி.

நேற்று மாடியில் இருக்கும் வீட்டுச் சொந்தக்கார அம்மா படியில் நிறுத்தி, "என்ன கண்ணு, உங்க வீட்டுல ஆள் சத்தமே காணோம். தம்பி வெளியூரா?" என்று கேட்டார். "ஆமாங்க, கடை வேலையா" என்றேன். "நல்ல கடை. போறப்போ மூணு பொட்டியில்ல எடுத்துட்டுப் போனாரு" என்றார். சிரித்து வைத்தேன்.

இன்னும் ஒரு வாக்கியம்: உன் வீட்டுப் பின்னறை காலியா?

இப்படிக்கு,
பொடி

ஜூன் 22

என் பொடிக்கு,

தங்கம் நீ. இப்படி எழுத எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் வராது. முற்றுப்புள்ளி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் உச்சபட்சமாகப் பாராட்டுவது அப்படித்தான்.

நாற்காலி வாக்கியத்துக்குத்தான் அரை நாள் சண்டை. பக்கத்து மேஜைக்காரி வேகன்ட் என்றாள். நான் விடவில்லை. பேருந்தில் இருக்கை வேகன்ட். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். வீட்டு மேஜையில் எதிர் நாற்காலியில் கண்டவர் வந்து உட்கார முடியாது. அங்கே எம்ப்டிதான். இல்லாதவருடைய இடம் அது. இந்த வித்தியாசத்தை உன் வாக்கியத்தை வைத்துத்தான் விளக்கப் போகிறோம்.

பின்னறை எம்ப்டியும் இல்லை, வேகன்ட்டும் இல்லை. சொல் அட்டைகள் அடுக்கிய பெட்டிகள் ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டன. அகராதி முடியட்டும், அறையை ஒழித்துப் போடுகிறேன். இரண்டு பேருமாக வந்து பத்து நாள் இருங்கள்.

அவர் சரக்கு எடுக்கப் போயிருக்கிறாரா? தனியாக இருக்கும்போது ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடு. ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே.

அன்புடன்,
அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்தாவது எழுத்தில் இருக்கிறாய். அகராதி முடிய இன்னும் இருபத்தொரு எழுத்து இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு வந்தது.

நம் வீட்டில் சொல்லாததைக் கேட்கிற வழக்கமே கிடையாது. அப்பாவுக்கு வேலை போன பிறகும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். நீ டப்பாவைப் பையில் வைத்தாய், நான் பையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பூங்காவில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டது நாலு பேருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. அதை மரியாதை என்று நினைத்துத்தான் வளர்ந்தோம். கேட்காத வீட்டில் வளர்ந்தவளுக்குச் சொல்லவும் வராது, அக்கா. நேராக எழுதலாம் என்று உட்கார்ந்தால் 'நலம்' என்றுதான் பேனா எழுதுகிறது. வாக்கியம் கேட்டாயே, அதனால் இவ்வளவாவது எழுத முடிகிறது.

இந்தத் தடவைக்கு இரண்டே வாக்கியம்.

கூப்பிட்டால் என் குரல்தான் திரும்பி வருகிறது, வீடு அவ்வளவு காலி.

மாதக் கடைசியில் என் வீடு காலி.

இரண்டாவதற்கு மாடியம்மா நாள் குறித்துவிட்டார். "தப்பா எடுத்துக்காத கண்ணு. குடும்பமா இருக்கறவங்களுக்குத்தான் விடறதுன்னு எங்க வீட்டுல முடிவு" என்றார். வாக்கியம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல். இருபதாம் தேதிக்குள் சொன்னால் நல்லது.

பொடி

ஜூலை 17

என் பொடிக்கு,

பதில் தாமதம், திட்டாதே. மாதிரிப் பக்கங்கள் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தன. நின்றபடியே சாப்பிடுகிறேன்.

ஒரு பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் பார். 'மாதக் கடைசியில் அந்த வீடு காலி.' வேகன்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது என்று முற்றுப்புள்ளியே சொன்னார். 'என் வீடு' என்பதை 'அந்த வீடு' என்று மாற்றினேன். படிக்கிறவருக்கு யாருடைய வீடு என்ற கேள்வி வரக்கூடாது என்பது எங்கள் விதி. குரல் வாக்கியம் ஹாலோவுக்குப் போகும் என்று தோன்றியது, ஆனால் நீளம். வெட்டிவிட்டார்கள்.

உன் கடிதத்தை இரவில் மறுபடி எடுத்துப் படித்தேன். வேறு வீடு பார்க்கிறீர்களா? அது கொஞ்சம் ஈரமான வீடுதான், மாறுவது நல்லதே. நீ நன்றாகத்தானே இருக்கிறாய்? ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல். நான் நச்சரிக்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா

ஜூலை 30

அக்காவுக்கு,

அச்சிட்ட பக்கம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. நன்றாக அச்சிட்டிருக்கிறார்கள்.

இப்போது நேராகவே எழுதுகிறேன். அவர் மார்ச்சிலேயே போய்விட்டார். அவருக்கு வேறொரு வீடு இருக்கிறது, அங்கே குழந்தையும் இருக்கிறது. போகும்போது என் கண்ணாடியை வாங்கி, தளர்ந்திருந்த திருகை இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து உன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. அறைகூட வேண்டியதில்லை. உன் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பாய் போட இடமிருந்தால் போதும் என்றிருந்தது. கேட்கவும் கேட்டேன். எனக்குத் தெரிந்த விதத்தில் கேட்டேன்.

உன்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கோபம் வருவதற்கு எதிர்ப்பக்கம் ஆள் இருப்பதாகத் தோன்ற வேண்டும்.

ஒரு வேலை கிடைத்திருக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேயே தங்கல், சாப்பாடு. "ராத்திரி எழுப்புவாரு, பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். நான் எப்படியும் தூங்குவதில்லை. ஊர் பேரை எழுதவில்லை. நீ வந்து நின்றால் நான் உன்னை நலம் விசாரிப்பேன், நீ என்னை நலம் விசாரிப்பாய். அதற்கு என்னிடம் தெம்பில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

ஆகஸ்டு 5

பொடி,

நீ போன பிறகு தபால் வந்தால் வாங்கி வைக்க மாடியம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த விலாசத்துக்கே இதைப் போடுகிறேன். என்றைக்காவது அந்தப் பக்கம் வருவாய்.

கடிதம் கிடைத்ததும் முதல் பேருந்தில் ஏறிவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் யாருடைய சைக்கிளோ நின்றது. உள்ளே சுவருக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். மாடியம்மா படியிறங்கி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் அக்காவா?"

"ஆமாங்க."

"வருவீங்க வருவீங்கன்னு சாவியக் குடுக்காமயே வெச்சிருந்துச்சு அந்தப் பொண்ணு. பொட்டியெல்லாம் கட்டி வெச்சாச்சு. கடைசி ரெண்டு நாளும் பாத்திரம்கூட எடுக்கல, நாந்தான் சாப்பாடு குடுத்தேன். தபால்காரர் வந்தா ஓடி வரும். ஒரு நாள் கவர் வந்துச்சு. படியிலயே உக்காந்து பிரிச்சுப் பாத்துச்சு. அதுக்கப்புறம் ஓடி வரல."

எந்த ஊருக்குப் போனாய் என்று கேட்டேன். "நீங்க அக்கா, உங்களுக்குத் தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்மா?" என்றார். ஏளனமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

எங்கே இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? இரவில் அவர் எத்தனை தடவை எழுப்புகிறார்? அந்த வீட்டில் உன்னோடு பேச யாராவது இருக்கிறார்களா? இன்னும் கேட்பேன். மாடியம்மா அலுத்துப்போய் வாங்க மறுக்கும் வரை இந்த விலாசத்துக்கு எழுதிக்கொண்டிருப்பேன்.

எங்கே இருக்கிறாய், பொடி?

அக்கா