பக்கத்து நாற்காலிக்குக் கேட்காத ஹெட்போன்

மார்ச் 4, செவ்வாய்

என் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் என்னைக் கேட்காமல் என் வீட்டுக்காரர் தூக்கிக் கொடுத்துவிட்டார். யாருக்கு? தெருமுனை சலூன்காரருக்கு. எப்போது? நான் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோது. இதை முதலில் எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் "நீயும்தானே சரின்னு தலையாட்டினே" என்று கதையை மாற்றக்கூடாது. வாய் மரத்துப்போய் வருகிறவளால் திட்ட முடியாது என்று நேரம் பார்த்துச் செய்திருக்கிறார். இந்த மூளையை வேறு எதற்காவது பயன்படுத்தியிருந்தால் எங்கேயோ போயிருப்பார்.

"ரெண்டு பீரோ நிக்கற மாதிரி ஹாலை அடைச்சுக்கிட்டு இருந்துது. சாயங்காலம் ஆனா சத்தம் வேற. மனுஷன் நிம்மதியா பேப்பர் படிக்க முடியுதா?"

ஆமாம், நாளைக் காலை பேப்பரில் பரீட்சை வைக்கப்போகிறார்கள். சத்தமாம்! அந்தச் சத்தத்துக்குப் பேப்பருக்குக் கீழே இவருடைய கால் பெருவிரல் தாளம் போடுவதை நான் பார்த்ததே இல்லையா? போடுவதும் தப்புத் தாளம்.

பெட்டிகள் இருந்த இடத்தில் தரை சதுரமாகப் பளிச்சென்று இருக்கிறது. மீட்டெடுத்த அந்தப் பெரிய நிலப்பரப்பில் இப்போது ஒரு குடை சாய்ந்து நிற்கிறது.

மார்ச் 5

பேசவில்லை.

மார்ச் 6

பேசவில்லை. காய் வாங்கப் போகும்போது சலூனைக் கடந்தேன். என் பெட்டிகளில் மூட்டுவலித் தைல விளம்பரம் ஓடுகிறது. குரல் எவ்வளவு துல்லியம்! தைலத்தின் ஒவ்வொரு மூலிகையும் தனித்தனியாகக் காதில் விழுந்தது.

மார்ச் 8, சனி

மகளும் மருமகனும் சமாதானத் தூதர்களாக வந்தார்கள். மருமகன் கையில் ஒரு ஹெட்போன்.

"இது லேட்டஸ்ட், அத்தை. ஒயரே கிடையாது. ஆயிரக்கணக்கான பேர் நல்லாயிருக்குன்னு எழுதியிருக்காங்க."

"அந்த ஆயிரம் பேர்ல யாருக்காவது என் காது இருக்கா மாப்பிள்ளை?"

போட்டுப் பார்த்தேன். பாடகர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினார். தாளம் மட்டும் வந்து மண்டையில் குத்தியது. கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன்.

ஹெட்போனைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார்கள்! ஆஸ்பத்திரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலையில் மாட்டியதைக் கழற்றாமல் காலம் தள்ளியவள் நான். யாரும் சொல்லிக் கொடுத்து அந்த வேலையைக் கற்கவில்லை; பாட்டையும் அப்படித்தான். கேட்டேன், பிடித்தது, திரும்பக் கேட்டேன். அவ்வளவுதான் என் படிப்பு.

"எதுன்னு கடைக்குப் போய் நானே பாத்து எடுத்துக்கறேன்" என்றேன். "ஒரே ஒரு நிபந்தனை. பக்கத்து நாற்காலியில இருக்கறவருக்கு ஒரு துளி கூடக் கேக்கக்கூடாது."

பேப்பருக்குப் பின்னாலிருந்து இருமல் வந்தது.

"அம்மா, இதெல்லாம் கொஞ்சம் ஓவர்" என்றாள் மகள்.

"ஸ்பீக்கரைத் தூக்கிக் கொடுத்தது ஓவர் இல்லையா? உங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்லு."

அவர் கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 10, திங்கள்

கடை. பச்சைச் சட்டை போட்ட விற்பனைப் பெண் ஒருத்தி, பொறுமைசாலி. கடையில் ஓடும் பாட்டு வேண்டாம் என்று என் போனிலிருந்த கச்சேரியையே போடச் சொன்னேன். ஒரு பொருளை எடுக்கும்போது நமக்கு அத்துப்படியான பாட்டைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

காதுக்குள் செருகுவது: சளி பிடித்தவள் பாட்டுக் கேட்கிற மாதிரி. காதின் மேல் உட்காருவது: ஹெட்மாஸ்டர் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. மூன்றாவது, காதை முழுதாக மூடுவது. பரவாயில்லை, ஆனால் வயலினையே காணோம்.

"வயலின் எங்கேம்மா? உங்க ஹெட்போன் முழுங்கிடுச்சா?"

"அம்மா... இன்னொரு பக்கத்தையும் காதுல வைங்க."

பழக்கதோஷம். எக்ஸ்சேஞ்சில் ஒரு காது கம்பிக்கு, ஒரு காது அறைக்கு. பின்னாலிருந்து யார் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. வலது பக்கத்தைத் தானாகவே கை தள்ளிவிட்டிருக்கிறது. சரியாக வைத்ததும் வயலின் வந்துவிட்டது. அவள் சிரிப்பை அடக்கிய விதத்துக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

பிறகு ஒன்றைக் காட்டினாள். வெளிப்பக்கம் வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. போட்டதுமே பாடகர் குடத்தைவிட்டு வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல ஒரே ஒரு குறைம்மா. திறந்த மாதிரி செஞ்சது. சத்தம் வெளியே கசியும், பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கும்."

"அப்ப வேண்டவே வேண்டாம்."

மூடியதையே எடுத்து வந்தேன். கொள்கைதான் முக்கியம்.

மார்ச் 12

வெற்றி. மாலை முழுக்கக் கச்சேரி. பக்கத்து நாற்காலிக்கு நிசப்தம். நிம்மதியாகப் படிக்கட்டுமே! பேப்பருக்கு மேலே கண் தெரிகிறது, இறங்குகிறது, மறுபடி தெரிகிறது. பக்கம் புரளவேயில்லை.

மார்ச் 13

இரண்டாவது பாட்டு முடிந்தால் அவர் எழுந்துபோய் டீ போடுவார். கல்யாணமான நாள் முதல் இப்படித்தான்; சொல்லி வைத்த ஏற்பாடில்லை, எப்படியோ ஆகிவந்தது. இன்று நான் கண்ணைத் திறந்தபோது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் நிற்கிறார். டீயில் ஏடு கட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ?

ஆறின டீயைக் குடித்துத் தொலைத்தேன்.

மார்ச் 15, சனி

சே. எழுதவே கை வரவில்லை.

சாயங்காலம் தூறல். துண்டுகளை எடுக்கப் பால்கனிக்குப் போயிருக்கிறார். காற்றில் கதவு சாத்தி, உள்தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கிறது. அது தளர்ந்து கிடக்கிறதென்று மாப்பிள்ளையிடம் எத்தனை தடவை சொன்னேன்? இவர் கண்ணாடியைத் தட்டு தட்டென்று தட்டியிருக்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காதையும் ஒழுங்காக மூடிக்கொண்டு, அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தபடி, வயலின் கேட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு ஏறி வந்து பெல் அடித்தாராம். அதுவும் கேட்கவில்லை. கடைசியில் அவர் என் மகளுக்குப் போன் செய்ய, அவள் எனக்குச் செய்ய, பாட்டு நின்று மணி அடித்தது.

"அம்மா! அப்பா பால்கனியில நிக்கறார்மா!"

திரும்பினால், கண்ணாடியில் ஒரு உள்ளங்கை. தலையில் நனைந்த பேப்பர். நிம்மதியாகப் படிக்க வேண்டிய அதே பேப்பர்.

கதவைத் திறந்தேன். கத்துவார், பதிலுக்கு நானும் கத்தலாம் என்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே,

"என்ன பாட்டு கேட்டே?" என்றார்.

"ஏன், அங்கேருந்து தெரியலியா?"

"உன் விரல் ஆடுறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். கண்டுபிடிச்சிடலாம்னு பாத்தேன். முடியல."

தும்மினார். நல்லா தும்மட்டும். ஊரைக் கூட்டி மானத்தை வாங்கியாச்சு. ஒண்ணு ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்? யாரைக் கூப்பிடுவேன்? இந்த மனுஷனுக்குத் துண்டு முக்கியமா?

மார்ச் 16

வலது காதைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். பாடகர் இருக்கிறார், வயலின் இல்லை. அதற்குப் பதில் தும்மல்.

மார்ச் 18, செவ்வாய்

கடைக்குப் போனேன், மாற்றுவதற்கு. மூடிய ஹெட்போனில் காது வேர்க்கிறது. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

"ஓட்டை போட்டதைக் கொடுங்க."

"கசியுதுன்னு அன்னைக்கு வேண்டாம்னீங்களேம்மா?"

"அன்னைக்கு வேற நிபந்தனை. எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

அவள் மாட்டிக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மெல்லியதாக, ஆனால் பாட்டு இன்னதென்று தெரிகிற மாதிரி வந்தது. வயலின்கூட. கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியை நகர்த்திப் பார்த்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரம் தாண்டியதும் தேய்ந்துவிட்டது.

"போதும். கட்டிக் கொடுங்க."

மார்ச் 19, புதன்

நான் யாரையும் மன்னிக்கவில்லை. இனி வீட்டில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி வைக்கிறேன்:

மருமகன்: பால்கனித் தாழ்ப்பாளை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்ற வேண்டும். ஆயிரம் பேர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மகள்: பாட்டு நேரத்தில் போன் செய்யக் கூடாது. "அப்பாவும் கேக்கறாரா?" என்று எப்போதுமே கேட்கக் கூடாது.

சலூன்காரர்: பெட்டிகளை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் துடைத்து வைக்க வேண்டும். நான் கடந்து போகும்போதாவது அந்தத் தைலத்தை நிறுத்த வேண்டும்.

வீட்டுக்காரர்: குடையை அந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும். அவர் நாற்காலியை என் நாற்காலியோடு ஒட்டிப் போட வேண்டும். பக்கம் புரட்டும் சத்தம் கூடாது. டீ பழையபடி இரண்டாவது பாட்டு முடிந்ததும், சூடாக. தாளம் போடுவதென்றால் சரியாகப் போட வேண்டும்.

நான்: வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். என் காதுக்கு அவ்வளவு தேவையில்லை.