மரிசெல் சாப்பிட்டாள்

லிபா, பத்தங்காஸ்
திங்கட்கிழமை

அன்பு மகன் அர்னெலுக்கு,

அம்மா எழுதுவது. கடல் அமைதியாக இருக்கிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நானும் அப்பாவும் சுகம். மரிசெல் தேறி வருகிறாள். போனில் சொன்னால் அவள் காதில் விழும். அதனால் உன் கப்பலில் ஏற வருகிற சமையற்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

வயிற்றிலிருந்த குழந்தை ஐந்தாம் மாதத்திலேயே போனதிலிருந்து மூன்று வாரமாக உன் பெண்டாட்டி மரிசெல் அறையை விட்டு வரவில்லை. இரண்டு வாய் கஞ்சி, அவ்வளவுதான். நேற்று அவளுக்காக மாட்டுக்கால் எலும்பைப் போட்டுப் புலாலோ சாறு வைத்தேன். அப்பா சந்தையில், “மஜ்ஜை நிறைஞ்ச காலா வெட்டுப்பா, என் மருமகளுக்கு” என்று நின்று வாங்கி வந்தார். முதல் கொதியைக் கொட்டி, எலும்பைக் கழுவி, வெங்காயமும் முழு மிளகும் போட்டுக் கொல்லை விறகடுப்பில் ஐந்து மணி நேரம் வேகவிட்டேன். குக்கரில் சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் மணம் அவள் அறைக்குள் போகட்டும் என்று நினைத்தேன். அப்பா மூடியைத் திறந்து திறந்து பார்த்து, “மாடு இன்னும் கத்துது” என்று கேலி வேறு. இறைச்சி எலும்பை விட்டு நழுவியதும் சோளக் கதிர்த் துண்டுகள் போட்டேன், கடைசியாக முட்டைக்கோஸ்.

கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு போனேன். “பசியில்லம்மா” என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். ஒரு வாய் குடி என்றேன். “உங்களுக்கு என்னம்மா தெரியும்” என்றாள். கோபமில்லை, அலுப்புதான். அப்போது சொல்லிவிட்டேன். உனக்கு முன்னால் எனக்கும் ஒன்று தங்கவில்லை, அர்னெல். ஆறாம் மாதம். உன்னிடம் சொன்னதே இல்லை, யாரிடமும் பேசியதில்லை. மரிசெல் திரும்பி, “பேரு வெச்சிருந்தீங்களா?” என்று கேட்டாள். லிகாயா என்றேன். தொட்டுக்கொள்ள எலுமிச்சையும் மீன் சாறும் எடுத்து வந்த உன் அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். “முப்பத்தஞ்சு வருஷமா மனசுக்குள்ளயே கூப்பிட்டுட்டு இருக்கேன்” என்றார். அவர் மறந்துவிட்டார் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மூன்று பேரும் அழுது முடிப்பதற்குள் சாறு ஆறிப்போயிற்று. மறுபடி சுடவைத்தபோது மரிசெல் தானே அடுப்படிக்கு வந்து, ருசி பார்த்து, “உப்பு பத்தலைம்மா” என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்! மஜ்ஜையை எடுக்க அப்பா எலும்பைத் தட்டில் தட்டினார், அது அவர் சட்டையிலேயே போய் விழுந்தது. அவள் சிரித்தாள். சோறு போட்டு இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

பாத்திரம் கழுவும்போது மெல்லச் சொன்னாள்: “அவர் போன் பண்ணினா மழையா வெயிலான்னு கேக்குறாரு, மாத்திரை போட்டியான்னு கேக்குறாரு. நாங்க பிள்ளைக்கு வெச்ச பேரை மட்டும் சொல்லவே மாட்டேங்கறாரும்மா. அதான் போனை எடுக்கவே மனசு வரல.” அவளைக் குறை சொல்லாதே, உன்னையும் நான் குறை சொல்லவில்லை. அவள் வலியைக் கிளற வேண்டாம் என்றுதான் நீ ஒதுங்கியிருப்பாய், உன் அப்பாவும் அப்படித்தான் இருந்திருக்கிறார்.

அந்தப் பேரை என்னிடம் சொன்னாள். அழகான பேர். நான் இங்கே எழுதவில்லை, அது உன் வாயிலிருந்து வர வேண்டும். மாதா உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும். அடுத்த முறை அவளிடம் பேசும்போது வேறெதுவும் கேட்காதே, முதலில் அந்தப் பேரைச் சொல்லு.

உன் அம்மா,
பெலிசா